புளிப்புச் செர்ரியின் குளிர்காலம்

லோரியிலிருந்து பன்னிரண்டு கட்டுகள் இறங்கின. இலையும் இல்லை, மண்ணும் இல்லை. வேரைக் கழுவி, ஈரத் தாளில் சுற்றி, பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டிய வெறும் குச்சிகள், கட்டுக்கு ஒன்று. இடுப்பு உயரம் இருக்கும். முன்வீட்டு வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்த சபாபதி, தன் தங்கை அவற்றை ஒவ்வொன்றாகக் கைநீட்டி வாங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசிக் கட்டும் இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"என்னது, விறகா?"

யோகேஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை.

"கேஸ் அடுப்பு இருக்கிற வீட்டுல விறகு எதுக்கு? ஓ, கட்டைல போறதுக்கு இப்பவே சேக்குறியா?"

"ஆமா. உனக்கும் சேத்துத்தான் வாங்கியிருக்கேன்."

லோரிக்காரர் சிரிக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் வண்டிக்குள் ஏறிக்கொண்டார்.

அண்ணனும் தங்கையும் இப்படிப் பேசிக்கொள்ள ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. காஹாங் என்ற சிற்றூரிலிருந்து உள்ளே போகும் சாலையில் அவர்கள் அப்பா வாங்கிப் போட்ட மூன்று ஏக்கர் நிலம் அது. மூன்று பக்கமும் பெரிய கம்பெனியின் செம்பனை எண்ணெய்த் தோட்டம். நடுவே இவர்கள் நிலம் மட்டும் புல்லும் நாலு வாழையுமாகக் கிடந்தது. அப்பா சாகும்போது இருவர் பேரிலும் எழுதிவிட்டுப் போனார். முன்னால் இருந்த வீட்டில் சபாபதியும் அவர் மனைவி ஷர்மினியும் இருந்தார்கள். பின்னால், சபாபதி ஒரு காலத்தில் காளான் வளர்த்துக் கைவிட்ட கொட்டகை. அதை ஒட்டி ஒரு குளிர் அறை. அதற்குப் பக்கத்தில் இரண்டு அறையைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்து யோகேஸ்வரி குடிவந்தாள். குளுவாங் நகரத்துச் சீன முதலாளியான தவுக்கே ஒருவர் நிலம் முழுவதையும் நீண்ட குத்தகைக்கு எடுத்து டுரியான் பழமரம் போடத் தயாராக இருந்தார். அதற்கு இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்றுதான் கிடைத்தது.

"எனக்கு அந்தக் குளிர் ரூம் வேணும்" என்று அவள் சொன்னாள். சபாபதிக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது கோபம் வந்தது. அந்தக் கோபம் பிறகு இறங்கவே இல்லை.

யோகேஸ்வரி பத்தொன்பது வருடம் சிங்கப்பூரில் வேலை செய்தவள். எல்லையின் இந்தப் பக்கம் கெலாங் பாத்தாவில் வாடகை வீடு. விடியுமுன் பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டினால் ஒரு பெரிய கண்ணாடித் தோட்டம். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு செடிகளுக்கு நடுவே நிற்பது அவள் வேலை. வருடத்துக்கு ஒருமுறை அங்கே செர்ரிப் பூக்காட்சி வைப்பார்கள். குளிர்நாடுகளிலிருந்து மொட்டோடு மரங்கள் குளிர்பெட்டியில் வந்து இறங்கும். கண்ணாடிக்குள் வைத்ததும் பூத்துத் தள்ளும். ஜனங்கள் வரிசையில் நின்று படம் எடுப்பார்கள். பூ உதிர்ந்த மறுவாரம் அத்தனை மரத்தையும் அரவை எந்திரத்தில் போட்டுத் தூளாக்கிவிடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் மூலையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவை புளிப்புச் செர்ரிகள். பூ சிறிது, மரமும் குட்டை. யாரும் படம் எடுக்க மாட்டார்கள். ஆனால் யோகேஸ்வரிக்கு அவை பிடித்துப் போயின. படிக்கப் படிக்க இன்னும் பிடித்தது. காஸ்பியன் கடலுக்கும் கருங்கடலுக்கும் இடைப்பட்ட தேசத்தில், நெடுநெடுவென்று வளரும் இனிப்புச் செர்ரியும் புல்வெளியில் முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாத ஒரு புதர்ச் செர்ரியும் யாரும் சேர்த்து வைக்காமலே சேர்ந்து பிறந்த இனம் அது. உயரமான மரத்திடமிருந்து பழத்தின் சதையை எடுத்துக்கொண்டது. குட்டைப் புதரிடமிருந்து புளிப்பையும், எந்தக் கடுங்குளிரையும் தாங்கும் உடம்பையும் எடுத்துக்கொண்டது. இனிப்புச் செர்ரிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பக்கத்தில் வேறு ஒரு மரம் நின்றால்தான் காய் பிடிக்கும். புளிப்புச் செர்ரி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். அதற்கு யாரும் வேண்டாம்.

ஒரு வருடம் காட்சி முடியும் தறுவாயில், வாடிய பூ ஒன்றின் அடியில் மிளகு அளவுக்குப் பச்சையாக ஒன்று திரண்டிருப்பதை அவள் பார்த்தாள். மேலாளரிடம் ஓடிப்போய், இந்த ஒரு மரத்தை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் விட்டு வைக்கலாமா என்று கேட்டாள். அவன் சிரித்தான். மறுநாள் காலையில் அவள் வேலைக்குப் போனபோது மரம் தூளாகிக் கிடந்தது.

அத்தனை வருடத்தில் ஒரு செர்ரி மரம்கூடக் காய்த்துப் பழுத்து அவள் பார்த்ததில்லை. வேலையை விட்டு ஊர் திரும்பியபோது அவள் கொண்டுவந்த ஆசை அது ஒன்றுதான்.

*

லோரியில் வந்த செர்ரி மரங்கள் முதல் வருடம் இலை மட்டும் விட்டன. ஓரம் முழுக்க ரம்பப் பல் வெட்டிய பளபளப்பான இலைகள். பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில், தண்ணீர் தேங்காதபடி கரடுமுரடான மணலும் தேங்காய்நாரும் கலந்து நட்டிருந்தாள். காஹாங் மழைக்கு வேர் அழுகிவிடாமல் காப்பதே பெரிய பாடாக இருந்தது. கிளையில் சின்னக் காயம் பட்டாலும் தேன் நிறத்தில் பிசின் வடிந்தது. துடைத்து, மருந்து பூசி, மழை ஓய்ந்த நாளாகப் பார்த்துக் கத்தரித்து, நடுவில் வெளிச்சம் விழும்படி கிளைகளை விரித்துக் கட்டினாள்.

அடுத்து ஒரு வேலை இருந்தது. குளிர்நாட்டில் இலையுதிர்காலம் வந்து, இனி தூங்கு என்று மரத்துக்குச் சொல்லும். இங்கே அப்படிச் சொல்ல யாரும் இல்லை. இலை உதிராத மரம் தூங்காது. தூங்காத மரம் பூக்காது. ஆகவே ஒரு காலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பன்னிரண்டு மரத்தின் இலைகளையும் கையால் உருவத் தொடங்கினாள்.

சபாபதி அதைப் பார்க்கவென்றே வந்தார்.

"ஷர்மினி, இங்க வந்து பாரு! மரத்துக்கு மொட்டை போடுறா."

ஷர்மினி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வரவில்லை.

"குளிர் ஊரு மரத்தைக் கொண்டாந்து இந்த வேகாட்டுல வச்சுப் போட்டுச் சாகடிக்கிற. பாவம் புடிக்கும்லா."

"ரப்பர் எந்த ஊரு மரம்?" என்றாள் யோகேஸ்வரி, கையை நிறுத்தாமல். "இதோ, சுத்தி நிக்கிற செம்பனை எந்த ஊரு? நம்ம தாத்தா எந்த ஊரு? எல்லாம் கப்பல்ல வந்ததுதானே?"

"அதெல்லாம் காய்ச்சுதுலா" என்றார் சபாபதி.

யோகேஸ்வரி அடுத்த கிளைக்கு நகர்ந்தாள்.

அந்த வாரமே அவர் குளுவாங் தவுக்கேயை நிலத்துக்குள் அழைத்து வந்தார். யோகேஸ்வரி மரங்களைக் குளிர் அறைக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். நாலைந்து டிகிரிக் குளிரில், இருட்டில், ஆயிரம் மணி நேரத்துக்கும் மேலாக அவை நிற்க வேண்டும். ஒன்றரை மாதக் குளிர்காலம். தவுக்கே காலில் வெள்ளைச் சப்பாத்து போட்டுக்கொண்டு, எங்கே எத்தனை டுரியான் கன்று வைக்கலாம் என்று கையை நீட்டி அளந்துகொண்டிருந்தார். குளிர் அறையைக் காட்டி, இதை எப்போது இடிப்பீர்கள் என்று மலாயில் கேட்டார்.

"சீக்கிரம்" என்றார் சபாபதி.

"அண்ணே, என் கையெழுத்து இல்லாம ஒரு செங்கலைத் தொட முடியாது. அவர்கிட்ட சொல்லு."

"உன் கையெழுத்து! கட்டின புருஷன் நாலு வருஷத்துல விட்டுட்டுப் போனான், அப்பவும் ஒரு கையெழுத்துத்தான் போட்ட." சபாபதி தவுக்கேக்குப் புரியாது என்ற தைரியத்தில் தமிழிலேயே பேசினார். குரல் மட்டும் முன்வீடு வரை கேட்டது. "உனக்கும் இந்த மரத்துக்கும் நல்ல பொருத்தம். ரெண்டும் காய்க்காது."

யோகேஸ்வரி தொட்டியைக் கீழே வைத்தாள். சுவரோரம் கிடந்த ரப்பர் குழாயை எடுத்தாள். அதில் மீன் உரம் கலந்த தண்ணீர் வந்துகொண்டிருந்தது. முதலில் அண்ணன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பிறகு தவுக்கேயின் வெள்ளைச் சப்பாத்துக்கு.

"அலமாக்!" என்று கத்திக்கொண்டே தவுக்கே காரை நோக்கி ஓடினார். சபாபதி ஓடவில்லை. நனைந்த சட்டையோடு அப்படியே நின்று, முகத்தை வழித்துவிட்டு, "இதுக்கு நீ அனுபவிப்ப" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

*

அந்தக் குளிர்காலத்தின் நடுவில், கெலாங் பாத்தாவில் ஒரு அடுக்குமாடிக்குத் தோட்டம் போட்டுக் கொடுக்கும் வேலை வந்தது. யோகேஸ்வரி போய்விட்டு நாலாவது நாள் திரும்பினாள். கேட்டைத் திறக்கும்போதே ஏதோ குறைவது தெரிந்தது. குளிரூட்டும் எந்திரத்தின் உறுமல் இல்லை.

குளிர் அறைக் கதவைத் திறந்தாள். உள்ளே வெளியைவிடப் புழுக்கமாக இருந்தது. மொட்டுகள் வீங்கி, செதில்கள் விரிந்து, நுனியில் பச்சை எட்டிப் பார்த்தது. பாதித் தூக்கத்தில் எழுப்பப்பட்ட மரங்கள். சேர்ந்த குளிரில் பாதிக்குமேல் இந்த வெக்கையில் போயிருக்கும்.

மின்சாரப் பெட்டி முன்வீட்டின் பக்கச் சுவரில் இருந்தது. மீட்டர் சபாபதி பேரில். பெட்டியைத் திறந்தாள். குளிர் அறைக்கான சுவிட்ச் கீழே இருந்தது. அதை மேலே தள்ளினாள். எந்திரம் ஓடத் தொடங்கியது.

அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? சுவிட்ச் தானாகக் கீழே வருமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்காக்கில் சித்தி மகள் சாந்தினிக்கு நிச்சயதார்த்தம். ஜவுளிக்கடை வீதிக்குப் பின்னால் ஒரு மண்டபம். சபாபதி முன்வரிசையில் தாய்மாமன் சதாசிவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டுரியான் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு எழும் நேரம். யோகேஸ்வரி நேராக அங்கே போய் நின்றாள்.

"மாமா, இவரு என்ன செஞ்சாருன்னு உங்ககிட்ட சொன்னாரா?"

"என்னம்மா?"

"நான் வீட்டுல இல்லாத நேரம் பாத்து மெயின் சுவிட்சை அடைச்சு வச்சாரு. நாலு நாளு. என் மரம் எல்லாம் போச்சு. பொம்பளை தனியா இருக்கான்னா எதை வேணா செய்யலாமா?"

சபாபதி எழுந்தார்.

"நான் அடைக்கல."

"இதுக்கு நீ அனுபவிப்பன்னு சொன்னது யாரு?"

"சொன்னேன். ஆனா நான் அடைக்கல."

"அப்ப பேயா வந்து அடைச்சிச்சு?"

யாரோ சிரித்தார்கள். சதாசிவம் மாமா மருமகனை ஏற இறங்கப் பார்த்து, "கூடப் பொறந்தவகிட்ட இப்படியா நடந்துக்குவ?" என்றார். அத்தோடு முடிந்தது. சபாபதி மனைவியைக் கூட்டிக்கொண்டு சாப்பிடாமலே கிளம்பிப் போனார். விஷயம் குளுவாங் வரை போனது. குடும்பச் சண்டை உள்ள நிலம் வேண்டாம் என்று தவுக்கே ஒதுங்கிக்கொண்டார்.

யோகேஸ்வரிக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது. மரங்களில்தான் இல்லை. மிச்சக் குளிரைக் கொடுத்து, அறையைக் கொஞ்சம் கொஞ்சமாக இளஞ்சூட்டுக்குக் கொண்டுவந்து, விளக்குகளைப் போட்டாள். இரண்டு மரம் எழவே இல்லை. மற்றவை நுனியில் நாலு, அடியில் ரெண்டு என்று தாறுமாறாகப் பூத்தன. பூவைப் பிரித்துப் பார்த்தால் நடுவில் மகரந்தம் ஏற்கும் சூல்முடி இல்லை; இருந்தவையும் கருகியிருந்தன. ஒரு வாரத்தில் எல்லாம் தரையில் கிடந்தன.

*

அடுத்த குளிருக்கு முன்னால் எந்திரத்தைச் சுத்தம் செய்ய குளுவாங்கிலிருந்து ஃபிர்தௌஸ் வந்தான். குளிரூட்டி பழுதுபார்ப்பவன். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன்; வந்ததும் பசியாறியாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடுவான். எந்திரத்தின் பக்கவாட்டில் இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றியவன், "அக்கா, இங்க வாங்க" என்றான்.

உள்ளே ஒரு பல்லி. கரிந்து, காய்ந்து, பெட்டியின் அடியில் சுருண்டு கிடந்தது. அதற்கு மேலே இரண்டு கம்பிமுனைகளுக்கு நடுவே கருப்பாகப் பொசுங்கிய தடம்.

"ரெண்டு முனைலயும் ஒரே நேரத்துல காலை வச்சிருக்கு. ஷோர்ட் ஆகி, அங்க மெயின்ல சுவிட்ச் தானா விழுந்திருக்கும். கரிஞ்சு கீழ விழுந்ததால நீங்க திரும்பப் போட்டப்ப ஓடியிருக்கு. போன வருஷம் எப்பவாவது நின்னுச்சா?"

யோகேஸ்வரி அந்தப் பல்லியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஃபிர்தௌஸ், இதை யார்கிட்டயும் சொல்லாதே."

"ஏன் அக்கா?"

"சொல்லாதேன்னா சொல்லாதே."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பல்லியை ஸ்க்ரூடிரைவரால் எடுத்துப் புல்லில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

அன்றே சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. சொன்னால் மாமா முகம் மாறும், தவுக்கே திரும்பி வருவார், அண்ணன் மறுபடியும் முன்வரிசையில் போய் உட்காருவார். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு இந்தத் தண்டனை சரிதான் என்று தன்னிடமே வாதாடினாள். மிச்சமிருந்த பத்து மரங்களுக்கும் இலையை உருவி, உள்ளே தள்ளி, கதவைச் சாத்தினாள்.

இரண்டாவது குளிர்காலம் பாதியைத் தாண்டியிருந்தது. ஷர்மினியின் குளிர்சாதனப் பெட்டி பழுதாகி, ஃபிர்தௌஸ் முன்வீட்டுக்கு வந்தான். ஷர்மினி அவனிடம் நேராகவே கேட்டாள்: பின்னால் இருக்கிற எந்திரம் தானாக நிற்குமா? பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை.

அவன் போன சிறிது நேரத்தில் ஷர்மினி பின்பக்கம் வந்தாள். மரங்கள் வந்த இரண்டு வருடத்தில் அவள் அந்தக் கொட்டகைப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

"பல்லி" என்றாள்.

யோகேஸ்வரி மண் கலந்துகொண்டிருந்த கையை உதறினாள்.

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"மிஷின் சர்வீஸ் பண்ணப்போ, அண்ணி."

"அண்ணின்னு கூப்பிடாதே. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்க. அவரு தங்காக் பக்கம் தலை காட்டி ஒரு வருஷமாச்சு. சாந்தினி கல்யாணத்துக்குக் கூடப் போகல. கடைத்தெருவுல ஆளுங்க அவரைப் பாத்தா 'சுவிட்ச்' 'சுவிட்ச்'னு சொல்லிச் சிரிக்கிறாங்க."

"அவரு என்னை என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியுமா? காய்க்காத மரம்னு, ஒரு வேத்தாள் முன்னாடி."

"தெரியும். அன்னைக்கும் நான் துணி காயப் போட்டுக்கிட்டு அங்கதான் நின்னேன்." ஷர்மினியின் குரல் ஏறவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "எனக்கும் பிள்ளை இல்ல யோகேஸ். அந்த வார்த்தை உனக்கு மட்டும் விழுந்துச்சுன்னு நினைக்கிறியா? அதைச் சொல்லிட்டு, உள்ள வந்து, என்கிட்டயே சோறு போடுன்னு உக்காந்தாரு."

யோகேஸ்வரி இத்தனை நாள் அந்தச் சொல்லைத் தன் சொத்துபோல் காத்து வைத்திருந்தாள். அதே சொல் முன்வீட்டுக்குள்ளும் போய் விழுந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"ரெண்டு பேரும் ஒரே ரத்தம்தான்" என்றாள் ஷர்மினி. "எதை எடுத்தாலும் அடுத்தவங்க மேல வீசத்தான் தெரியும்."

*

அன்று மத்தியானம் சபாபதி மின்சாரப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு யோகேஸ்வரியைக் கூப்பிட்டார். பெட்டி திறந்திருந்தது. அவர் கை சுவிட்சின் மேல் இருந்தது.

"நான் அடைச்சேன்னு ஊரெல்லாம் சொன்ன. சரி, அடைச்சவனாவே இருந்துட்டுப் போறேன். இப்ப நிஜமாவே அடைக்கட்டுமா?"

"அண்ணே, கையை எடு."

"தங்காக்ல எத்தனை பேரு முன்னாடி சொன்னியோ, அத்தனை பேருகிட்டயும் இப்ப சொல்லு. ஃபேமிலி குரூப்ல எல்லாரும் இருக்காங்க. வாய்ஸ் போடு. எழுதாதே. உன் குரல்ல வரணும்."

"நீ சொன்னதை நீ திருப்பி வாங்கு. நானும் வாங்குறேன்."

"எது?"

அவருக்கு நினைவில்லையா, நடிக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் ஷர்மினி நின்றிருந்தாள்.

"எதுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள் ஷர்மினி ஜன்னலுக்குள்ளிருந்து. "வாங்குங்க."

சபாபதியின் முகம் கறுத்தது. கை சுவிட்சிலேயே இருந்தது.

யோகேஸ்வரி குளிர் அறையைத் திரும்பிப் பார்த்தாள். மொட்டுகள் இப்போது இறுக்கமாக, தவிட்டு நிறத்தில், சரியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. மறுபடியும் ஒருமுறை அவை பாதியில் எழுந்தால் மரங்கள் தாங்காது. அவள் கைத்தொலைபேசியை எடுத்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் யோகேஸ்வரி பேசுறேன். போன வருஷம் என் குளிர் ரூம் கரண்ட்டை அண்ணன் அடைக்கல. ஒரு பல்லி மிஷினுக்குள்ள போய்ச் செத்ததால நின்னுச்சு. அது எனக்குக் கொஞ்ச நாளா தெரியும். தெரிஞ்சும் சொல்லாம இருந்தது என் தப்பு." மூச்சு வாங்கினாள். "மத்தபடி அண்ணனைப் பத்தி நான் நினைக்கிறது எதுவும் மாறல."

அனுப்பினாள். சபாபதியின் சட்டைப் பையில் மணி அடித்தது. அவர் எடுத்து, முழுவதையும் கேட்டார். மறுபடி ஒரு தரம் கேட்டார். பிறகு சுவிட்சிலிருந்து கையை எடுத்து, பெட்டியைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

அவர் தன் வார்த்தையைத் திரும்ப வாங்கவே இல்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பிறகு எப்போதும்.

*

இந்த முறை மரங்கள் ஒன்றாக எழுந்தன. ஒரு மொட்டிலிருந்து மூன்று நாலு பூக்கள், நீளக் காம்புகளில், வெள்ளை வெளேரென்று. மூடிய அறையில் தேனீ கிடையாது. சொந்த மகரந்தமே போதும் என்றாலும் அதைச் சூல்முடி வரை யாராவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். யோகேஸ்வரி சின்னத் தூரிகையோடு கிளை கிளையாகப் போய்க்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. ஷர்மினி ஸ்வெட்டர் இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வெகுநேரம் பூக்களைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"இன்னொரு பிரஷ் இருக்கா?"

"இருக்கு, அண்ணி."

"உனக்காக வரல. வீட்டுல உக்காந்து அவர் மூஞ்சியைப் பாக்க முடியல."

இருவரும் ஆளுக்கு ஐந்து மரம் எடுத்துக்கொண்டார்கள். பூ இருந்தவரை தினமும் ஷர்மினி வந்தாள். பூ உதிர்ந்ததும் நின்றுவிட்டாள்.

மிளகளவு காய்கள் நிறையப் பிடித்தன. அப்புறம் உதிரத் தொடங்கின. உள்ளே கொட்டை இறுகும் காலத்தில் பாதி மஞ்சளித்து விழுந்தது. மீதியில் பாதி, வெளிக்காற்றுக்குப் பழக்கலாம் என்று காலை வேளைகளில் மரத்தை நிழலுக்குக் கொண்டுவந்தபோது விழுந்தது. விழ விழ யோகேஸ்வரி எதையும் பொறுக்கவில்லை. கிளையில் நிற்பவற்றை மட்டும் பார்த்தாள். அவை முதலில் வெளிறின, பிறகு மஞ்சளில் ரோஜா ஓடியது, ஒரு காலையில் பார்த்தால் கண்ணாடிபோல் உள்ளே வெளிச்சம் தெரியும் சிவப்பு. பத்து மரத்திலுமாகச் சேர்த்து ஒரு சின்னக் கிண்ணம்கூட நிறையாது. சில பழங்கள் இரட்டையாக ஒட்டிப் பிறந்திருந்தன. மொட்டு உருவாகும் காலத்தில் வெயில் அதிகமானால் அப்படி ஆகும்.

முதல் பழத்தை அவள் நின்றபடியே வாயில் போட்டாள். புளிப்பு தாடையைக் கவ்வியது. கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்குப் பின்னால் மெல்லிய ஒரு வாசனை, பாதாம்போல், வந்து போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றைப் பறித்தாள். மரம் அங்கேயே நின்றது. யாரும் அதை எந்திரத்தில் போட வரவில்லை.

சபாபதி வந்தது மறுநாள். கூப்பிடாமல் வந்தார். செருப்பை உரசிக்கொண்டு மரத்தைச் சுற்றினார்.

"காய்ச்சிருச்சே" என்றார், மரத்திடம் சொல்வதுபோல்.

அதில் என்ன இருந்தது என்று யோகேஸ்வரி காது கொடுத்துப் பார்த்தாள். மன்னிப்பு ஏதாவது இருந்திருந்தால் அது அவளுக்குப் போதுமானதாக இல்லை.

அவர் கேட்காமல் ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டார். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. துப்பினார்.

"சீ! இதுக்கா? இதுக்காகவா என் மானத்தைத் தங்காக்ல வச்சு வாங்கின?"

"ஆமா. இதுக்குத்தான்."

"மனுஷன் திம்பானா இதை?"

"பேரே புளிப்புச் செர்ரி. நீ சக்கரைன்னு நினைச்சியா?"

அவர் போன பிறகு ஷர்மினி வந்து, நாலு பழத்தை எடுத்து, ஒன்றைக் கையோடு கொண்டுவந்த உப்பில் தொட்டுத் தின்றாள். முகம் மாறவில்லை. "ஊறுகாய்க்கு நல்லாருக்கும்" என்றாள். மீதி மூன்றைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனாள்.

அதன்பிறகு நிலத்தைப் பிரிப்பது என்று முடிவாயிற்று. சதாசிவம் மாமா குளுவாங்கில் ஒரு வக்கீலைப் பிடித்துக் கொடுத்தார். சபாபதி தன் பாதியில் டுரியான் போடட்டும். இவள் பாதியில் இவள் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். மின்சாரத்துக்குத் தனி மீட்டர். நில அளவையாளர் வந்து சிவப்புக் கட்டைகளை அடித்துக்கொண்டே போனார். குளிர் அறைக்குப் பின்னால் வந்ததும் யோகேஸ்வரி கட்டையின் மேல் காலை வைத்துக்கொண்டாள்.

"இது ஒரு அடி உள்ள வந்திருக்கு. மிஷின் தண்ணி போற கால்வாய் என் பக்கம் இருக்கணும்."

"அந்தக் கால்வாயை வெட்டினது நான்" என்றார் சபாபதி.

"வெட்டினது நீ. காளான் அழுகினதும் விட்டுட்டுப் போனதும் நீ."

அளவையாளர், பாவம், மலாய்க்காரர். யார் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். சபாபதி கட்டையைப் பிடுங்கி ஒரு அடி தள்ளி எறிந்தார்.

"இந்தா, வச்சிக்கோ. வருஷா வருஷம் இந்தக் கூத்துத்தானா?"

"வருஷா வருஷம்."

"அந்த மிஷின் சத்தம்? எங்க ரூம் ஜன்னலுக்கு நேரா இருக்கு. நாங்க தூங்க வேணாமா?"

"காதுல பஞ்சு வச்சிக்கோ" என்றாள் யோகேஸ்வரி. எறிந்த கட்டையை எடுத்து வந்து, அவர் தள்ளிப் போட்ட இடத்துக்கும் இரண்டு விரல் அப்பால், அவர் பக்கத்தில் ஊன்றி, அளவையாளரிடம் சுத்தியலைக் கேட்டாள்.